'செக்': ஒரே சொல், பல பொருள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசோலையும் செக், சதுரங்கத்தில் ராஜாவைத் தாக்குவதும் செக், கட்டம்போட்ட சட்டையும் செக், உடம்பைப் பரிசோதிப்பதும் செக்-அப். இத்தனையும் தற்செயலாக ஒரே ஒலியில் அமைந்தவை அல்ல. எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரைப் பிடித்துக்கொண்டால், மொழிபெயர்ப்பில் எங்கே எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

'செக்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பாரசீகத்திலிருந்து. அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற சொல்தான் அதன் மூலம். ஷாஜகான், பாதுஷா ஆகிய பெயர்களில் நாம் கேட்கும் அதே ஷா. பழைய பாரசீகத்தில் அது 'க்ஷாயதிய' என்று இருந்தது. பாரசீக மாமன்னன் தாரியஸ் இன்றைய ஈரானில் பொறித்த பெஹிஸ்தூன் கல்வெட்டில் இந்தப் பட்டத்தைக் காணலாம். வடமொழியின் 'க்ஷத்ர', 'க்ஷத்ரிய' என்பவையும் ஆளுதல் என்னும் பொருள் கொண்ட அதே மூல வேரைச் சேர்ந்தவை.

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆயிற்று; அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ராஜாவுக்குக் குறிவைத்துக் காய் நகர்த்தியவர் எதிராளியை எச்சரிக்க "ஷா!" என்று குரல் கொடுப்பார். "உன் அரசனைப் பார்த்துக்கொள்" என்பது அதன் பொருள். அந்தக் கூப்பாடு இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்குஸ்', பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' என்று உருமாறி, 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் 'செக்' ஆக நுழைந்தது.

அப்படியானால் 'செஸ்' என்பதும் இதே சொல்தானா?

ஆம். பிரெஞ்சு 'எஸ்செக்' என்பதன் பன்மை 'எஸ்செஸ்'. முன்னால் இருந்த எகரம் தேய்ந்து 'செஸ்' நின்றது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'செஸ்' என்பது 'செக்குகள்', அதாவது 'அரசர்கள்' என்றே பொருள்படும். ஜெர்மனில் 'ஷாக்', ரஷ்யனில் 'ஷாக்மதி' என்று பல மொழிகள் ஆட்டத்தை அரசன் பெயராலேயே அழைக்கின்றன. ஸ்பானிய மொழி வேறு வழி. அங்கே ஆட்டத்துக்கு 'அஹெத்ரேத்' என்று பெயர். அது அரபியின் 'அஷ்-ஷத்ரஞ்ச்' வழியே வந்தது. ஆக, சதுரங்கம் என்ற நம் சொல்லின் சாயல் ஐரோப்பாவில் தங்கியிருப்பது அந்தப் பக்கத்தில்தான். யானை, தேர் என்று நாம் வேறுவேறாகச் சொல்லும் மூலைக்காய்க்கு ஆங்கிலத்தில் உள்ள 'ரூக்' என்ற பெயரும் பாரசீகத்தின் 'ருக்' தான்.

'செக்மேட்' என்றால் 'அரசன் இறந்தான்' என்று பொருளா?

பரவலாக அப்படித்தான் சொல்லப்படுகிறது. அரபியில் 'மாத்த' என்றால் 'இறந்தான்'. அதனால் 'ஷா மாத்' என்பதை 'அரசன் இறந்தான்' என்று வாசித்தார்கள். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்து நிற்பவன், போக்கற்றவன். 'அரசன் போக்கற்றுப்போனான்' என்ற பொருள்தான் ஆட்டத்தோடு ஒத்துப்போகிறது. சதுரங்கத்தில் ராஜா ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. தப்ப வழியில்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. எங்கள் பார்வையில் பாரசீக விளக்கமே வலுவானது.

ஒரு சிறு விவரம்: இன்றைய பன்னாட்டுச் சதுரங்க விதிகளின்படி "செக்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லைப் பெற்றுத்தந்த கூப்பாடே இப்போது விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

அரசன் பெயர் எப்படி 'தடு' என்றும் 'சரிபார்' என்றும் மாறியது?

ஆட்டத்தையே கவனியுங்கள். ராஜாவுக்குச் செக் விழுந்த கணத்தில் மற்ற திட்டமெல்லாம் நின்றுபோகும். ராணியை வெட்டலாம் என்று காத்திருந்தவரும் அதை விட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். ராஜாவை நகர்த்தலாம், நடுவில் ஒரு காயை மறைப்பாக வைக்கலாம், அல்லது தாக்கும் காயையே வெட்டலாம். நான்காவது வழி இல்லை. இந்தத் திடீர் நிறுத்தம்தான் முதல் பொருள் மாற்றம். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே 'செக்' என்றால் தடுத்து நிறுத்துதல், அடக்குதல் என்று ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிவிட்டது.

'சரிபார்' என்ற பொருள் பின்னால் வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. கணக்கை இன்னொரு படியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மோசடி தடுக்கப்படும். தடுப்பதற்காகச் செய்த ஒப்பீட்டுக்கே தடுப்பின் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று 'செக்' என்றதும் முதலில் மனதில் வருவது இந்தப் பொருள்தான். வரலாற்றில் அது தம்பி. 'தடு' என்பதுதான் அண்ணன். மொழிபெயர்ப்பில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இதை மறப்பதால் வருகிறது.

கட்டம்போட்ட துணிக்கு ஏன் 'செக்' என்று பெயர்?

அது கூப்பாட்டிலிருந்து வரவில்லை, பலகையிலிருந்து வந்தது. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியே' என்று பெயர். அதிலிருந்து ஆங்கில 'செக்கர்', அதன் சுருக்கமாகக் கட்டத்தைக் குறிக்கும் 'செக்'. கார் பந்தய முடிவில் அசைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடியும், அமெரிக்கர்கள் 'செக்கர்ஸ்' என்று அழைக்கும் பலகை ஆட்டமும் இந்தக் கிளை.

ஆக, ஒரே மரத்தில் இரண்டு கிளைகள். கூப்பாட்டிலிருந்து வந்தது ஒன்று: தடு, அடக்கு, சரிபார். பலகையிலிருந்து வந்தது மற்றொன்று: கட்டம், கட்டத்துணி, கருவூலம். இந்த இரண்டும் மறுபடி சந்திக்கும் இடம் காசோலை.

கருவூலத்துக்கும் சதுரங்கப் பலகைக்கும் என்ன தொடர்பு?

பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்றுதான் பதவிப்பெயர். 'எக்ஸ்செக்கர்' என்றால் சதுரங்கப் பலகை. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசின் வரிக்கணக்கு தீர்க்கப்பட்ட மேசை அப்படி இருந்தது. இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170-களின் பிற்பகுதியில் எழுதிய நூலில் அந்த மேசையை அளவோடு வர்ணிக்கிறார்: சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம், விளிம்பைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குச் சட்டம், எதுவும் கீழே விழாமல் இருக்க. அதன்மேல் ஒரு கறுப்புத் துணி. துணியில் ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள்.

கோடுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு. வலக்கோடியில் பென்னி, அடுத்தடுத்து ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம். 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கணக்காளர் வட்டக் காய்களைப் பத்திகளில் வைப்பார். கட்ட வேண்டிய தொகை மேல்வரிசையில், கட்டிய தொகை கீழ்வரிசையில்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கட்ட வேண்டியது 57 பவுண்டு, 8 ஷில்லிங், 4 பென்னி. கட்டியது 35 பவுண்டு, 10 ஷில்லிங், 6 பென்னி. மேல்வரிசையில் இருபதின் பத்தியில் 2 காய், பவுண்டில் 17, ஷில்லிங்கில் 8, பென்னியில் 4. கீழே முறையே 1, 15, 10, 6. நாலு பென்னியிலிருந்து ஆறு எடுக்க முடியாது. ஒரு ஷில்லிங் காயை எடுத்துவிட்டு 12 பென்னிக் காய் வைத்தால் 16 ஆகும். 6 போக 10 மீதி. ஷில்லிங்கில் இப்போது 7 தான். ஒரு பவுண்டை உடைத்தால் 27. 10 போக 17. பவுண்டில் 16-லிருந்து 15 போக 1. இருபதில் 2-லிருந்து 1 போக 1. பாக்கி 21 பவுண்டு, 17 ஷில்லிங், 10 பென்னி.

ரோமன் எண்களில் இந்தக் கழித்தலை எழுதிப் போட்டுப் பார்த்தால் துணியின் அருமை தெரியும். சுழியம் தேவையில்லை; வெற்றுப் பத்தியே சுழியம். எழுதப் படிக்கத் தெரியாத வரி வசூல் அதிகாரியும் எதிரே உட்கார்ந்து தன் பாக்கியைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மேசையின் இருபுறமும் இரண்டு தரப்பு, நடுவே கோடுபோட்ட துணி, நகரும் காய்கள். பார்த்தவர்களுக்குச் சதுரங்கம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

'எக்ஸ்செக்கர்' என்பதில் 'எக்ஸ்' ஏன் வந்தது?

தவறான திருத்தம். பிரெஞ்சில் 'எஸ்' என்று தொடங்கும் பல சொற்கள் லத்தீனின் 'எக்ஸ்' முன்னொட்டிலிருந்து வந்தவை. இதுவும் அப்படித்தான் என்று எண்ணி எழுத்தைத் 'திருத்தி' விட்டார்கள். அரசனுக்கும் அந்த முன்னொட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

காசோலைக்கு 'செக்' என்ற பெயர் எப்படி வந்தது?

இதைப் புரிந்துகொள்ளக் கணக்குக் குச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவூலத்தில் பணம் கட்டியவருக்கு ரசீதாகக் கிடைத்தது ஒரு மரக்குச்சி. தொகைக்கேற்ப அதில் வெட்டுக்குறி இருக்கும்: 1000 பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிமன், 100-க்குக் கட்டைவிரல் அகலம், 20-க்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியளவு. பென்னிக்கு மரம் பெயராமல் ஒரு கீறல் மட்டும். பிறகு வெட்டுக்குறிகள் இரண்டு பாதியிலும் வரும்படி குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். பெரிய பாதி பணம் கட்டியவருக்கு. சிறிய பாதி, 'ஃபாயில்', கருவூலத்துக்கு. பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டியிருந்தால் மறுபக்கம் காட்டிக்கொடுத்துவிடும். மரத்தின் ரேகையும் பொய் சொல்லாது. காசோலைப் புத்தகத்தில் நம் கையில் மிஞ்சும் அடிக்கட்டைக்கு ஆங்கிலத்தில் 'கவுன்ட்டர்ஃபாயில்' என்று பெயர் வந்தது இந்த 'ஃபாயில்' வழியே. இங்கிலாந்தில் குச்சிமுறை 1826 வரை நீடித்தது. 1834 அக்டோபர் 16 அன்று பழைய குச்சிகளை நாடாளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் போட்டு எரித்தபோது தீ பரவி அந்தக் கட்டடமே எரிந்துபோனது.

குச்சியின் வேலையைத் தாள் ஏற்றபோது, சரிபார்க்க வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைக்கே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்று பெயர் இருந்தது. மோசடியைத் தடுப்பது, ஆகவே செக். பிறகு அடிக்கட்டை உள்ள தாளுக்கு, அதன்பின் வங்கிக்கு எழுதும் பண ஆணைக்கு என்று பெயர் நகர்ந்தது. லண்டனில் 1659-ஆம் ஆண்டு தேதியிட்ட 400 பவுண்டு ஆணை ஒன்று இன்றும் உள்ளது. பொருள் அப்போதே உண்டு, பெயர்தான் பின்னால் வந்தது.

காசோலைக்கு மட்டும் ஏன் வேறு எழுத்துக்கூட்டல்?

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'கியூ-யு-இ' என்று முடியும், அமெரிக்காவில் 'சி-கே'. முதலில் இரு பக்கமும் 'சி-கே' தான். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் மாற்றிக்கொண்டது. வங்கியியல் எழுத்தாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் 1828-இல் இதற்குக் காரணம் சொன்னார்: பொருள் மயக்கம் வராது, எக்ஸ்செக்கரோடும் ஒத்துப்போகும். இப்படித்தான் கூப்பாட்டுக் கிளையில் பிறந்த காசோலை, எழுத்தில் பலகைக் கிளையின் உடையைப் போட்டுக்கொண்டது.

எழுதும்போது பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றினால் காசோலைக்கும், பலகைக் கிளையின் 'செக்கர்', 'செக்கர்ட்', 'எக்ஸ்செக்கர்' ஆகியவற்றுக்கும் 'கியூ'. 'தடு', 'சரிபார்' முதலிய வினைகளுக்கெல்லாம் 'சி-கே'. "கியூ" போட்டுச் 'சரிபார்' என்று எழுதுவது எங்குமே சரியில்லை.

அரபியின் 'சக்' என்ற சொல்லிலிருந்து காசோலை வந்தது என்கிறார்களே?

அரபு வணிகத்தில் 'சக்' என்ற எழுத்து ஆவணம் இருந்தது உண்மை. பண ஆணையாகப் பயன்பட்டதும் உண்மை. ஆனால் ஆங்கிலச் சொல்லின் தடம் அடிக்கட்டை, கருவூலச் சீட்டு, வங்கி ஆணை என்று படிப்படியாக ஆங்கிலத்துக்குள்ளேயே தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் 'செக்' வழியாகத்தான் அதைக் காட்டுகிறது. ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

அதே காரணத்தால் செக் குடியரசின் 'செக்' வேறு. அது ஸ்லாவிய இனப்பெயர். எண்ணெய் ஆட்டும் நம் செக்கும் வேறு. தமிழில் எழுதும்போது 'செக்கை', 'செக்கில்' என்று வேற்றுமை உருபு சேர்ந்தால் காசோலையா எண்ணெய்ச் செக்கா என்ற மயக்கம் வரும். அங்கே 'காசோலை' என்று எழுதிவிடுவதே நல்லது.

தொழில்களில் 'செக்' என்ன பொருளில் வருகிறது?

குழாய் வேலையில் 'செக் வால்வு' என்பது தண்ணீரை ஒரே திசையில் விடும் வால்வு. சரிபார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. திரும்பி வரும் நீரைத் தடுப்பதால் அந்தப் பெயர். தொழிலாளர்கள் 'என்ஆர்வி' (நான்-ரிட்டர்ன் வால்வு) என்பார்கள். வால்வின் உடம்பில் பொறித்த அம்புக்குறி நீரோட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் போடும் ஃபுட் வால்வும் இதன் வகைதான். அதன் மூடி சரியாக உட்காராவிட்டால் குழாயில் நின்ற நீர் இறங்கி, ஒவ்வொரு முறையும் பம்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும்.

'செக் டேம்' என்பதற்குத் தமிழில் 'தடுப்பணை' என்று வைத்தார்கள். எங்களுக்கு மிகப் பிடித்த மொழிபெயர்ப்பு இது; மூலப்பொருளை அப்படியே பிடித்திருக்கிறது.

மரவேலையில் 'செக்' என்றால் வெடிப்பு. மரம் காயும்போது ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம் அதிகம், நடுவை நோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதி. இந்த ஏற்றத்தாழ்வால் வெளியிலிருந்து நடுவை நோக்கிப் பிளவு விழும். வளையத்தை ஒட்டிப் பிரிந்தால் அதற்கு வேறு பெயர், 'ஷேக்'. ஐஸ் ஹாக்கியில் பந்துவட்டு வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தடுப்பது செக். போக்கரில் பணம் கட்டாமல் முறையைத் தள்ளிவிடுவது செக்.

'ரெயின் செக்' போன்றவை?

இவை 'அடையாளச் சீட்டு' என்ற பொருளிலிருந்து வளர்ந்தவை. பெட்டியை ஒப்படைத்தால் ஒரு வில்லை கிடைக்கும். அந்த வில்லைக்கும் செக் என்று பெயர். அமெரிக்காவில் சாப்பாட்டு பில்லையும் செக் என்பார்கள். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் பார்க்க 1880-களில் தந்த சீட்டு 'ரெயின் செக்'. அதனால்தான் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்பதை "இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்று மொழிபெயர்க்க வேண்டும். மழைக்கு அதில் இடமில்லை.

மொழிபெயர்க்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் செயப்படுபொருளைப் பாருங்கள். ஓடுவது, வளர்வது, பொங்குவது என்றால் பெரும்பாலும் 'தடு', 'அடக்கு': கோபம், வெள்ளம், விலைவாசி, நோய்ப் பரவல். ஆவணம், எண், பெயர், கருவி என்றால் 'சரிபார்', 'சோதி'. பெட்டி, மேலங்கி என்றால் 'ஒப்படை'. பட்டியலோ திரையில் உள்ள பெட்டியோ என்றால் 'டிக் செய்', 'குறியிடு'.

அடுத்து ஒட்டிவரும் சிறுசொல். 'செக் வித்' என்றால் ஒருவரைக் கேட்டு உறுதிசெய்வது. 'செக் அகெய்ன்ஸ்ட்' என்றால் இன்னொன்றோடு ஒப்பிடுவது. 'செக் அப் ஆன்' என்பதில் ஒருவரைத் துருவிப் பார்க்கும் சாயல் உண்டு. அதிகம் ஏமாற்றுவது 'செக் ஆன்'. வினையாக வந்தால் 'எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்ப்பது'. பெயராக 'எ செக் ஆன்' என்று வந்தால் 'கடிவாளம்'.

அடிக்கடி கண்ணில் படும் தவறுகள் எவை?

"கோபத்தைச் சரிபார்த்தான்" – தவறு. "கோபத்தை அடக்கிக்கொண்டான்."

"அதிகாரத்தின் மீதான சரிபார்ப்புகளும் சமநிலைகளும்" – அரசியல் கட்டுரைகளில் இது மலிந்திருக்கிறது. 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்பது ஒரு துறை இன்னொன்றை மீறிப் போகாமல் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. "ஒன்றுக்கொன்று கடிவாளமாக இருக்கும் ஏற்பாடு" என்றால் பொருள் நிற்கும். குதிரையின் தலையைத் தாழவிடாமல் பிடிக்கும் வாருக்கு ஆங்கிலத்தில் 'செக் ரெயின்' என்றே பெயர். ஆகவே கடிவாளம் இங்கே மிகப் பொருத்தம்.

"கட்டம்போட்ட கடந்தகாலம்" – 'செக்கர்ட் பாஸ்ட்' என்பதன் சொல்லுக்குச் சொல். "நல்லதும் கெட்டதும் மாறிமாறி வந்த வாழ்க்கை" என்று எழுதுங்கள். கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள்தான் அதன் உவமை.

"பொருந்தும் அனைத்தையும் சரிபார்க்கவும்" – இணையப் படிவங்களில் இந்தத் தவறு உண்மையிலேயே ஆளைத் தடுமாறவைக்கும். நிரப்புபவர் விடைகளை மறுபடி படித்துவிட்டு எதையும் குறியிடாமல் போய்விடுவார். "பொருந்துபவை அனைத்தையும் டிக் செய்யவும்" என்பதே சரி.

"அவன் கதை வெளியே சரிபார்த்தது" – 'செக்ஸ் அவுட்'. "அவன் சொன்னது ஒத்துப்போகிறது."

தமிழில் 'செக்' என்றே விட்டுவிடலாமா?

சதுரங்கத்தில் தாராளமாக விடலாம். "அவருக்குச் சரியான செக் வைத்துவிட்டார்" என்று அரசியல் செய்தியில் எழுதுவதும் நல்ல தமிழ் வழக்காகிவிட்டது. ஆங்கிலத்தில் பலருக்கு மறந்துபோன மூலப்பொருளை, ஒருவரை மேலே நகரவிடாமல் முடக்குவதை, அந்தத் தொடர் அப்படியே காக்கிறது. "செக் பண்ணு" என்பது பேச்சில் இயல்பு. எழுத்தில் 'பார்', 'சரிபார்', 'சோதி' மூன்றில் ஒன்று பெரும்பாலும் போதும். கதவு பூட்டியிருக்கிறதா என்று 'பார்' போதும், கூட்டுத்தொகையைச் 'சரிபார்', பிரேக் பிடிக்கிறதா என்று 'சோதி'.